சீம்பால் மட்டும் கட்டியாக வேகிறதே, எப்படி?

தொழுவக்காரி கேட்டது:
பசு ஈன்றதிலிருந்து வீட்டில் சீம்பால்தான். கன்று குடித்தது போக மிஞ்சியதில் வெல்லம், ஏலக்காய் போட்டு இட்லிப் பானையில் வேகவைத்தேன். முதல் நாள் கறந்தது கத்தியால் வெட்டும் பதத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் பாலில் அதே பக்குவம், ஆனால் கரண்டியில் வழிகிறது. முட்டை, கடற்பாசி எதுவும் போடவில்லை. அப்படியென்றால் கட்ட வைப்பது எது?

பால்சோதனை:
அக்கா, பால் பண்ணை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கட்ட வைப்பது வே புரதம், ஜிம் பையன்கள் டப்பாவில் வாங்குகிறார்களே, அதேதான். சாதாரணப் பசும்பாலில் 100 கிராமுக்குப் புரதமே 3.3 கிராம் போல. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் வே. மீதி கேசீன், அது கொதிக்கும் சூட்டுக்கெல்லாம் அசையாது. முதல் கறவைச் சீம்பாலில் புரதம் 14 கிராம் வரை இருக்கும், பாதிக்கு மேல் வே. கன்றுக்கு நோய் எதிர்ப்பைத் தரும் இம்யூனோகுளோபுலின் அதில்தான் இருக்கிறது. மூன்றாம் நாளுக்குள் பெரும்பாலும் புரதம் 5 கிராமுக்குக் கீழே இறங்கிவிடும்.

சூட்டில் நடப்பதுதான் அழகு. பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற வே புரதம் நூல்கண்டு மாதிரி சுருண்டிருக்கும். 70 டிகிரி தாண்டினால் அவிழும். உள்ளே மறைந்திருந்த ஒரு கந்தக முனை வெளியே வந்து, பக்கத்துப் புரதத்தின் கந்தகப் பிணைப்பை உடைத்துத் தான் சேர்ந்துகொள்ளும். தண்ணீருக்கு ஒவ்வாத பகுதிகளும் ஒன்றோடொன்று ஒட்டும். இப்படியே வலை பின்னி, தண்ணீரும் கொழுப்பும் அதற்குள் சிக்கிக்கொள்ளும். ஆறினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. வே குறைவாக இருக்கும் பாலில் அந்தப் புரதம் எட்டி எட்டி நிற்பதால் வலை பின்னாது, கட்டாது. ஈன்ற முதல் சில நாள் பாலை சொசைட்டியில் எடுக்காததற்கும் இது ஒரு காரணம், சூடேற்றும் தட்டுகளில் அப்பிக்கொள்ளும்.

மோர்க்குடம்:
சார், தயிருக்குப் பாலை நன்றாகக் காய்ச்சச் சொல்வதும் இதனால்தானா?

பால்சோதனை:
ஆமாம். தொழிற்சாலைகளில் 90–95 டிகிரியில் 5 நிமிடம் வைப்பார்கள். அவிழ்ந்த வே, கேசீன் மேல் போய் ஒட்டும். அப்புறம் உறை ஊற்றினால் தயிர் கெட்டியாக நிற்கும், தண்ணீர் விடாது.

தொழுவக்காரி:
நன்றி தம்பி. முதல் நாள் கட்டியிலும் ஓரமெல்லாம் ஓட்டை, தண்ணீர் கசிவு. அது?

பால்சோதனை:
தீ அதிகம் அக்கா. சூடு ஏறினால் வலை இறுகித் தண்ணீரைப் பிழிந்துவிடும். சிறு தீயில் வையுங்கள், நடுவில் லேசாக ஆடும்போதே இறக்குங்கள். முதல் நாள் பால் மிஞ்சினால் அதையே கொஞ்சம் மூன்றாம் நாள் பாலில் கலக்கலாம். ஆனால் கன்றுக்கு வயிறு நிறைந்த பிறகுதான். பிறந்த முதல் சில மணி நேரத்தில்தான் அதன் குடல் அந்த எதிர்ப்புப் புரதத்தை முழுசாக உறிஞ்சும், ஒரு நாள் போனால் வழி அடைந்துவிடும்.