ஸ்பீடோமீட்டர் கேபிள் வழியே கசிந்த கியர் ஆயில்: இருமுறை கழற்றிய அனுபவம்

இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் நகர்த்தியபோது, தரையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை தெரிந்தது. கியர்பாக்ஸின் பின்பக்க ஆயில் சீல்தான் போய்விட்டது என்று முதலில் முடிவுகட்டினேன். நல்லவேளையாக அதைப் பிரிக்கவில்லை. அடிப்பாகத்தை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, காய்ந்தபின் முகப்பவுடரைத் தூவிச் சிறிது தூரம் ஓட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். கியர்பாக்ஸின் சுழற்சியை வேகமானிக்குக் கொண்டுபோகும் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்திலிருந்தே பவுடரில் ஈரக்கோடு இறங்கியிருந்தது.

கேபிளின் நட்டைக் கழற்றி, பிடிதகட்டின் ஒற்றை போல்ட்டை எடுத்துவிட்டு, உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரத்தைத் தாங்கும் உறையை மெல்லத் திருகி வெளியே இழுத்தேன். அதன் வெளிப்பள்ளத்திலிருந்த ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் வட்டம் போய்த் தட்டையாகி, நகத்தால் கீறினால் உடையும் அளவுக்கு இறுகிக் கிடந்தது. குற்றவாளி அகப்பட்டது என்ற மகிழ்ச்சியில் அதை மட்டும் மாற்றிப் பூட்டினேன்.

ஒரு வாரத்தில் கறை திரும்பியது. இம்முறை கேபிளை இழுத்துப் பார்த்தபோது, கிரீஸ் மட்டுமே இருக்க வேண்டிய உள்கம்பி கியர் ஆயிலில் நனைந்திருந்தது. ஓ-ரிங் உறைக்கும் கியர்பாக்ஸ் உடலுக்கும் இடையேதான் தடுக்கும். பல்சக்கரத்தின் தண்டைச் சுற்றி வரும் ஆயிலைத் தடுக்க உறைக்குள்ளேயே ஒரு சிறிய சீல் தனியாக இருக்கிறது. அது தேய்ந்தால் ஆயில் கேபிளுக்குள் புகுந்து, சில வண்டிகளில் மீட்டர் வரைக்கும் ஏறிவிடும். வளைத்த கம்பியால் பழைய சீலைக் கிளப்பி, புதியதன் உதடு, அதாவது தண்டைத் தழுவும் ரப்பர் விளிம்பு, ஆயில் பக்கம் பார்க்கும்படி வைத்து, அதே விட்டமுள்ள சாக்கெட் ஸ்பேனரின் தலையால் தட்டி இறக்கினேன். தண்டிலும் ஓ-ரிங்கிலும் ஆயில் தடவாமல் நுழைத்திருந்தால் புது ரப்பர் அன்றே கிழிந்திருக்கும்.

உறையைக் கழற்றும் முன் அது நிற்கும் திசையைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்வது அவசியம். சில கியர்பாக்ஸ்களில் அதன் துளை மையம் விலகியிருப்பதால், திசை மாறினால் பற்கள் சரியாகக் கவ்வாமல் பல்சக்கரம் தேய்ந்துவிடும். போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்கினால் அலுமினிய மரை கழன்றுவிடும் என்பதால், ஸ்பேனரின் தலைக்கருகே பிடித்தே இறுக்கினேன்.

கியர்பாக்ஸின் மேலிருக்கும் காற்றுத்துளையில் சேறு அடைத்திருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. சூடேறிய காற்று வெளியேற வழியின்றி ஆயிலை நெருக்கினால், எந்தச் சீலும் நெடுநாள் தாங்காது. துளையைக் குத்திச் சுத்தம் செய்து, குறைந்த ஆயிலை மட்டம் காட்டும் துளை வரை நிரப்பினேன். கேபிளை முழுவதும் உருவிக் கழுவிப் புது கிரீஸ் தடவும் வேலைதான் மிகுந்த நேரம் பிடித்தது.