பிரே ஊர் மனிதர்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

அயர்லாந்தில், டப்ளினுக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில், விக்லோ மாவட்டக் கடலோரத்தில் இருக்கிறது பிரே. அங்கே இருந்தவர்கள், இப்போதும் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதினால் நன்றாக இருக்கும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஊரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே மனிதர்களைப் பற்றி மட்டும் எழுதுவோம். நானே தொடங்குகிறேன்.

நான் நர்ஸ். வேலை டப்ளினில், வீடு பிரேயில். டார்ட் ரயிலை விட்டு இறங்கினால் கூப்பிடு தூரத்தில் கடல். அந்த ஊரைக் கடற்கரை ஊராக ஆக்கியதே ரயில்தான். 1854-ல் ரயில் வந்தது. வில்லியம் டார்கன் என்ற ரயில்வே ஒப்பந்தக்காரர் தன் சொந்தப் பணத்தையும் ஊரில் போட்டார். டப்ளின்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் கடல்காற்று வாங்க வர ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்து உயரமான வீடுகள் இன்றைக்கும் கடலைப் பார்த்தபடி வரிசையாக நிற்கின்றன. வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவே சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதை. எல்லோரும் 'ப்ராம்' என்பார்கள். கரை முழுக்கக் கூழாங்கல். தெற்கு முனையில் பிரே ஹெட் குன்று, அதன் உச்சியில் 1950-ல் நட்ட கான்கிரீட் சிலுவை.

நைட் டியூட்டி முடித்து வந்தால் எனக்கு உடனே தூக்கம் வராது. அதனால் ப்ராமில் ஒரு நடை நடந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அப்படிப் பழக்கமானவர்தான் அந்தப் பெரியவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எண்பதை நெருங்கிய வயது. பேண்ட் மேடைக்கு எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். போகிற வருகிற எல்லோருக்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பார். நம் ஊராக இருந்தால் தாத்தா என்று கூப்பிட்டிருப்பேன். அங்கே எந்த வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முதலில் வாய் வரவில்லை, அப்புறம் பழகிவிட்டது.

பேச்சு எப்போதும் வானிலையில் தொடங்கும். வானம் தெளிவாக இருந்தால் கடலுக்கு அப்பால் வேல்ஸ் மலைகள் மங்கலாகத் தெரியும். "வேல்ஸ் தெரிகிறது, நாளைக்கு மழை" என்பார். தெரியாவிட்டால், "இப்போதே மழை வந்துகொண்டிருக்கிறது" என்பார். அங்கிருந்து மெல்ல ரயிலுக்குப் போவோம். பிரே ஹெட்டைக் குடைந்து, பாறை விளிம்போடு ஒட்டிப் போகிற பாதை புருனெல் என்ற பெரிய பொறியாளர் போட்டது. கடல் அரித்துக்கொண்டே வந்ததால் தண்டவாளத்தை எத்தனை முறை உள்பக்கமாக நகர்த்தினார்கள், புயலுக்கு மறுநாள் பாதையைப் பரிசோதிக்க எப்படி நடந்து போவார்கள் என்றெல்லாம் கைத்தடியால் காற்றிலேயே படம் போட்டுக் காட்டுவார்.

2020 மார்ச் கடைசியில், கொரோனா பரவியபோது, எழுபது வயதைத் தாண்டியவர்கள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று அரசு சொன்னது. கம்பி ஓரம் காலியாகிவிட்டது. எனக்கு ஆஸ்பத்திரியில் பார்க்கிறதே போதும் போதும் என்று இருந்த நேரம். காலையில் அந்த இடத்தைத் தாண்டும்போது வயிற்றைப் பிசையும். அவர் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. ஒருநாள், அதுவரை தலையசைப்போடு சரி என்று இருந்த ஒரு அம்மா, நாயோடு எதிரே வந்தவர் தூரத்திலேயே நின்று, "அவரைத்தானே தேடுகிறீர்கள்? நன்றாக இருக்கிறார். தபால்காரர் தினமும் ஜன்னல் வழியாகப் பேசிவிட்டுத்தான் போகிறார்" என்றார். அந்த வசந்த காலத்தில் நாடு முழுக்கத் தபால்காரர்கள் தனியாக இருக்கும் வயதானவர்களை நலம் விசாரித்துப் போனார்கள். நான் யாரிடமும் அவரைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான் கம்பியைப் பார்த்துக்கொண்டே போனதை அந்த அம்மா கவனித்திருக்கிறார். இந்த ஊர் எனக்குச் சொந்த ஊர் மாதிரி ஆனது அந்தக் காலையில்தான்.

மே 5-ம் தேதி முதல் அவர்களும் நடக்கப் போகலாம், ஐந்து கிலோமீட்டருக்குள் என்று தளர்த்தினார்கள். அடுத்த நைட் டியூட்டி முடித்து வந்தபோது கம்பியருகே அவர் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கைத்தடியை என் பக்கமாக முழு நீளத்துக்கு நீட்டி, "இதற்கும் அப்பால் நில்" என்றார். சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்டார். எத்தனை பேர் போனார்கள் என்றுதான் அதுவரை எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

சில வருடம் கழித்து அவர் இறந்த செய்தியை rip தளத்தில் பார்த்தேன். அயர்லாந்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், காலையில் அந்த மரண அறிவிப்புகளைப் பார்ப்பது அங்கே அன்றாடப் பழக்கம். பார்த்தால் போக வேண்டும். நெருங்கிய பழக்கம் இல்லாவிட்டாலும் வரிசையில் நின்று, குடும்பத்தார் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, உங்கள் துக்கத்துக்கு வருந்துகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர வேண்டும். அவருக்கு வரிசை தெருவில் நின்றது. பாதிப் பேர் ப்ராமில் நான் பார்த்த முகங்கள். மகள் என் கையைப் பிடித்ததும், "ஆஸ்பத்திரிப் பெண் நீங்கள்தானே" என்றார். அப்புறம் டீ, சாண்ட்விச், அவரைப் பற்றிய கதைகள். அழுகையும் சிரிப்பும் ஒரே மேஜையில். சாவு வீட்டில் இவ்வளவு மனம் விட்டுச் சிரிக்கலாம் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

கடலில் குளிக்கிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி, மார்ச்சில் ஐரிஷ் கடல் எட்டு ஒன்பது டிகிரிதான் இருக்கும். அதில் தினமும் இறங்குகிற பெண்கள் கூட்டம் ஒன்று உண்டு, பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அதில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். குதிக்காதே, நடந்து இறங்கு. கழுத்துவரை தண்ணீர் வந்ததும் மூச்சை நீளமாக வெளியே விடு, முதல் ஒரு நிமிடம் மூச்சு மட்டும்தான் வேலை. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் போலிருக்கிறதே என்று தோன்றும்போதே வெளியே வந்துவிடு. வந்ததும் ஈரத்துணியைக் கழற்றி, மேல் உடம்பை முதலில் மூடு, தலைக்குத் தொப்பி போடு, சுடுதண்ணீரில் குளிக்க ஓடாதே. கரையேறிய பிறகும் உடம்பின் உள்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும் என்பது நர்ஸான எனக்குப் புத்தகத்தில் தெரியும். பட்டன் போட முடியாமல் விரல் நடுங்கியபோது அவரே போட்டுவிட்டார், குழந்தைக்குப் போடுவதுபோல. ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கையில் திணித்தார். அதற்கு முன் அவரோடு நான் நான்கு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

சரி, அடுத்தவர் எழுதுங்கள்.

*

நான் 2011-ல் ஐடி வேலைக்கு வந்தவன். நீங்கள் சொன்ன அந்தக் கைப்பிடிப்பு எனக்கும் நடந்தது, வேறு மாதிரி.

2012 ஆகஸ்ட் 9. லண்டன் ஒலிம்பிக்ஸில் கேட்டி டெய்லர் இறுதிப் போட்டி. பெண்கள் குத்துச்சண்டையை ஒலிம்பிக்ஸில் சேர்த்ததே அந்த வருடம்தான். கேட்டி பிரேயில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் ஹெல்மெட்டுக்குள் முடியை மறைத்து ஆண் பிள்ளைகளோடு சண்டை போட்டவர். அயர்லாந்தில் பெண்களுக்கு அதிகாரபூர்வமாக நடந்த முதல் போட்டியில், 2001-ல், 15 வயதில் இறங்கியவரும் அவர்தான். ஊரில் பெரிய திரை வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம். யாரையும் தெரியாமல் நான் ஒரு மூலையில் நின்றேன்.

இரண்டாவது சுற்று முடிவில் கேட்டி ஒரு புள்ளி பின்தங்கினார். பக்கத்தில் நின்ற பாட்டி என் முழங்கையைப் பிடித்தார். மூன்றாவது சுற்று முழுக்க விடவில்லை. நான்காவது சுற்றில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடைசி மணி அடித்து, நடுவர் இருவர் கையையும் பிடித்து நிற்க, முடிவு சொல்ல நேரமாகிறது. பாட்டி கண்ணை மூடி வாய்க்குள் ஜெபம். 10-8. கூட்டம் வெடித்தது. பாட்டி என்னைக் கட்டிப்பிடித்து, "நம்ம பொண்ணு, நம்ம பொண்ணு" என்ற அர்த்தத்தில் ஏதோ கத்தினார். அந்த 'நம்ம'வில் என்னையும் சேர்த்துத்தான் சொன்னார். மறுநாள் கையில் விரல் தடம் இருந்தது.

இன்னொன்று. 2018 கோடையில் மழையே இல்லாமல் காய்ந்தது. பிரே ஹெட்டில் கார்ஸ் என்கிற மஞ்சள் பூ முட்புதர் தீப்பிடித்து எரிந்தது. எரிந்த இடத்தில் கல்லால் எழுதிய EIRE (ஐரிஷ் மொழியில் அயர்லாந்து) என்ற பெரிய எழுத்துகள் வெளியே வந்தன. மேலே பறந்த போலீஸ் ஹெலிகாப்டர்தான் கண்டுபிடித்தது. இரண்டாம் உலகப் போரில் இது நடுநிலை நாடு என்று விமானிகளுக்குக் காட்டக் கடலோரம் முழுக்க எழுதியவற்றில் ஒன்று. கடலைக் கண்காணித்த ஒவ்வொரு காவல் சாவடிக்கும் ஓர் எண் உண்டு, பிரே ஹெட்டுக்கு 8. என் பக்கத்து வீட்டுத் தாத்தா போர்க்காலத்தில் சின்னப் பையன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து பைனாகுலரைக் கையில் கொடுத்தார். குன்றைப் பார்க்க அல்ல, வானத்தைப் பார்க்க. அன்றைக்கு எங்கள் வேலை இதுதான், விமானம் வந்தால் அது யாருடையது என்று பந்தயம் கட்டுவோம் என்றார். எங்கள் பையன் இந்த ஊர் விமானக் கம்பெனி பெயரைச் சொல்லி, ரயன்ஏர் என்று கத்தியதும் அவனுக்கு ஒரு சாக்லேட் கிடைத்தது.

*

படிக்க வந்து, ஸ்ட்ராண்ட் ரோடில் ஒரு காபிக் கடையில் பகுதி நேரம் வேலை பார்த்தேன். பாடகி ஷினேட் ஓ'கானர் அந்தத் தெருவில் பல வருடம் குடியிருந்தவர். நான் வருவதற்குள் அவர் வீட்டை விட்டுப் போய்விட்டார், நேரில் பார்த்ததில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் வெளியூர்க்காரர்கள் யாராவது அவரைப் பற்றி வம்பு கேட்டால், பேச்சு அப்படியே வானிலைக்குத் திரும்பிவிடும். பக்கத்து வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

2023 ஜூலை 26-ல் அவர் இறந்தார். ஆகஸ்ட் 8-ல் இறுதி ஊர்வலம் கடற்கரைச் சாலை வழியாக வந்தது. முன்னால் ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் வேன், கூரையில் ஸ்பீக்கர், அதில் பாப் மார்லி பாட்டு. அவருடைய பழைய வீட்டுக்கு முன்னால் சவ வண்டி நின்றது. முஸ்லிமாக மாறியவர் என்பதால் இமாம் வைத்துப் பிரார்த்தனை நடந்தது. குடியரசுத் தலைவரும் வந்திருந்தார்.

நான் கடை வாசலில் நின்றேன். ஜனங்கள் வண்டிமேல் பூ வீசினார்கள், கை தட்டினார்கள். எங்கள் கடைக்குத் தினமும் வந்து, சூடு போதவில்லை என்று டீயைத் திருப்பிக் கொடுக்கும் ஒரு கண்டிப்பான அம்மா. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். போப்பின் படத்தை ஷினேட் 1992-ல் டிவியில் கிழித்ததை வாழ்நாள் முழுக்க மன்னிக்க மாட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் தோட்டத்து ஹைட்ரேஞ்சியாவைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வண்டி பக்கத்தில் வந்ததும் முன்னால் போய்க் கண்ணாடிமேல் வைத்துவிட்டு வந்தார். "சர்ச்சில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமையை அந்தப் பெண் முன்னாடியே சொன்னாள். நாங்கள்தான் கேட்கவில்லை" என்றார். உள்ளே வந்து டீ கேட்டார். அன்றைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

துறைமுகத்தில் அன்னப் பறவைகள் கூட்டமாக இருக்குமே, அடிபட்ட பறவையைத் துணியில் சுற்றிக் காரில் தூக்கிப் போகிற ஒரு அண்ணன் இருந்தார். அவரைத் தெரிந்தவர்கள் அடுத்து எழுதுங்கள். எனக்கு அவரை ஒருமுறை பார்த்த பழக்கம்தான்.