சித்தப்பாவோட ஒரு பேஸ், ஜெர்மன்காரரோட ரெண்டு ட்யூபா

குன்னூர்க்காரன்:
எங்க சித்தப்பா ஆர்மி பேண்டுல இ-பிளாட் சுருதி ட்யூபா (அடி சுரம் ஊதற பெரிய பித்தளை வாத்தியம்) வாசிச்சு ரிட்டயர் ஆனவரு, அவரு வாயில ட்யூபான்னே வராது, பேஸ்தான். போன வருஷம் எங்க ஹோம்ஸ்டேல ஒரு ஜெர்மன்காரர் தங்கினாரு, ஆர்கெஸ்ட்ராவுல ட்யூபா வாசிக்கிறவராம், சித்தப்பாகிட்ட சொன்னதுதான் தாமதம், மங்கி கேப்பை மாட்டிட்டு வந்து உக்காந்துட்டாரு.

ஜெர்மன்காரர் அவரு ஊர்ல ரெண்டு ட்யூபா வச்சிருக்காராம், ஒண்ணு எஃப் சுருதி, இன்னொண்ணு பெரிய பி-பிளாட் சுருதி. சித்தப்பாவுக்கு சுருக்குன்னுச்சு. "டேய், நான் ஒரே பேஸ்ல காலத்தை ஓட்டினேன், இவருக்கு எதுக்குடா ரெண்டு, கேளு"ன்னாரு.

கேட்டேன். எஃப் குழாய் சுமார் 12 அடி, பி-பிளாட் 18 அடி, நீளக் குழாயில மேல போகப் போக உதட்டாலயே வர்ற ஸ்வரங்கள் நெருங்கி நெருங்கி நிக்கும், உதடு துளி பிசகினா பக்கத்து ஸ்வரம் வந்து மானம் போயிடும், அதே ஸ்வரத்தை சின்னக் குழாயில ஊதினா நடுவுல இடம் ஜாஸ்தி, தைரியமா பிடிக்கலாம். அப்போ எஃப் மட்டும் போதாதான்னா, கீழ இறங்க இறங்க வால்வு (அமுக்கினா குழாயை நீளமாக்குற கட்டை) மேல வால்வா அமுக்கணும், அதுக்குத்தான் அதுல அஞ்சு ஆறு வால்வு, இருந்தும் அடி சத்தத்தோட கனம் பெரிசுலதான் வருமாம். 1835ல பெர்லின்ல பேட்டன்ட் வாங்கின முதல் ட்யூபாவே எஃப்தான். அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்கள்ல பெரும்பாலும் சி சுருதி ட்யூபாதான், வயலின்காரங்களுக்குப் பிடிச்ச ஷார்ப் சுருதிகள்ல அதுக்கு விரல் சுலபம்.

இங்கிலாந்துல ஆர்கெஸ்ட்ராக்காரங்களே நிறைய பேர் இ-பிளாட்தான்னு அவரு சொன்னதும் சித்தப்பா மூஞ்சியைப் பாக்கணுமே! ரெண்டாவது டீ அவரே போட்டுக் குடுத்தாரு.

கோத்தகிரி அக்கா:
தம்பி, ட்யூபாவோட வாய் வானத்தைப் பாத்து இருக்கே, நம்ம ஊர் மழைக்கு என்ன பண்றது?

குன்னூர்க்காரன்:
அக்கா, அமெரிக்க பேண்ட் மாஸ்டர் சூசாவுக்காக 1893ல செஞ்ச முதல் சூசஃபோனுக்கும் (உடம்பைச் சுத்தி மாட்டிக்கிற ட்யூபா) வாய் மேலதான், மழை பிடிக்கிற பாத்திரம்னு கிண்டல் பண்ணிருக்காங்க, அப்புறம்தான் முன்பக்கமா திருப்பினாங்க. ஹாலுக்குள்ள மேல போற சத்தம் கூரையில பட்டு எல்லாத்தோடயும் கலந்து வரும், அதனால ஆர்கெஸ்ட்ராவுல அப்படியே விட்டுட்டாங்க. சித்தப்பா ஐப்பசி மழையில ஒரு பரேடு முடிச்சு பேஸைக் கவுத்தப்ப அரை டம்ளர் தண்ணி கொட்டுச்சாம், அவரு சொல்றதுல பாதியைத்தான் நான் நம்புவேன்.