மார்ச் 29 கடந்துவிட்டது: பிரெக்ஸிட் குழப்பத்துக்கு யார் பொறுப்பு?

ஆம்ஸ்டல் (ஹாரோ), 3 ஏப்ரல் 2019

கடந்த வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்குப் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். அன்று பிற்பகல் பாராளுமன்றம் பிரதமர் தெரேசா மேயின் விலகல் உடன்படிக்கையை 344க்கு 286 என்று மூன்றாவது தடவையாக நிராகரித்தது. நேற்று மாலை அவர் மேலும் கால அவகாசம் கேட்கப்போவதாகவும் எதிர்க்கட்சித் தலைவர் கோர்பினுடன் பேசப்போவதாகவும் அறிவித்தார். 2017 ஜனவரியில், ஐரோப்பிய நாடுகளின் பொதுவான தனிச்சந்தையும் வேண்டாம், தங்களுக்குள் சுங்கவரி இல்லாத சுங்க ஒன்றியமும் வேண்டாம் என்று கோடு கிழித்துவிட்டு, எவரையும் கலந்தாலோசிக்காமல் இரண்டு வருடத்தைக் கழித்தபின் இப்போதுதான் அவருக்கு எதிர்க்கட்சி கண்ணில் படுகிறது.

விலகியிருக்க வேண்டிய அந்த வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை, என் போன்ற ஐரோப்பியக் கடவுச்சீட்டுக்காரர்கள் தொடர்ந்து வசிக்க விண்ணப்பிக்கும் திட்டம் முழுமையாகத் திறக்கப்பட்டது. செயலி அண்ட்ராய்ட் கைபேசியில் மட்டுமே இயங்கும் என்பதால் மகனின் கைபேசியை வாங்கி, சமையலறை மேசையில் என் நெதர்லாந்துக் கடவுச்சீட்டை வைத்து, அதன் சிப்பைக் கைபேசி படிக்கும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வருடம் வரி கட்டிய நாட்டில் தொடர்ந்து இருப்பதற்கு அனுமதி கேட்கிறேன். இதற்கு 65 பவுண் கட்டணம் வேறு அறவிட நினைத்தார்கள். எதிர்ப்பு வலுத்ததால் ஜனவரியில் கைவிட்டார்கள்.

நெல்லைக்காரன் (ஈஸ்ட் ஹாம்)

சகோதரியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் 2016 வாக்கெடுப்பில் விலகலுக்கு வாக்களித்தவன்; இன்றும் அதில் எனக்கு வருத்தமில்லை. இந்தியாவிலிருந்து ஒரு பொறியாளர் வர வேண்டுமென்றால் விசா, சம்பள வரம்பு, கட்டணம் என்று எத்தனை வாசல்களைத் தாண்ட வேண்டும் என்பது நமக்குத் தெரியும். இங்கே குடியேறிய நம்மவர்கள் ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். ஐரோப்பியர் ஒருவர் அடையாள அட்டையோடு வந்து இறங்கலாம். இந்த ஏற்றத்தாழ்வு போக வேண்டும் என்று நினைத்தது குற்றமா?

அந்த வாக்கெடுப்பில் ஒரு கோடியே 74 லட்சம் பேர் விலக வேண்டும் என்றார்கள். பெரிய கட்சிகள் இரண்டும் அதை மதிப்போம் என்று 2017 தேர்தல் அறிக்கையில் எழுதின. அதற்கு முன்பே, விலகல் அறிவிப்பைக் கொடுக்கும் மசோதாவை 498க்கு 114 என்று ஆதரித்த அதே நாடாளுமன்றம்தான், சென்ற வாரம் எட்டு மாற்று வழிகளையும் திங்கட்கிழமை நான்கையும் வாக்கெடுப்புக்கு விட்டு, எதற்குமே பெரும்பான்மை இல்லை என்று கைவிரித்தது. அரசை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

ஆம்ஸ்டல்

ஐயா, நீங்கள் சொல்லும் 18,600 பவுண் விதி 2012 இல் வந்தது. கொண்டுவந்தவர் அன்று உள்துறை அமைச்சராக இருந்த இதே தெரேசா மே. ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒன்றியத்தை விட்டு விலகினாலும் அந்த விதி அப்படியேதான் இருக்கும். லண்டன் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் ஐரோப்பாவின் மீது பழி போட்டு வாக்குக் கேட்டார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அந்த வாக்கெடுப்பில் இந்தியக் குடியுரிமையுடன் இங்கு வசித்தவர்கள் பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில் வாக்களிக்க முடிந்தது. நெதர்லாந்துக் குடியுரிமை கொண்ட எனக்கு முடியவில்லை. உங்களுக்கு அந்த உரிமை இருந்ததில் எனக்குப் பொறாமையில்லை. ஆனால், யாருடைய வாழ்க்கை புரட்டிப் போடப்படுமோ அவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவை, அதன் பிறகாவது பொறுப்போடு செயற்படுத்தியிருக்க வேண்டாமா? வாக்கெடுப்பை நடத்திய பிரதமர் கேமரனின் அரசு, விலகல் வென்றால் என்ன செய்வது என்று திட்டமிடவே அதிகாரிகளை விடவில்லை. அடுத்து வந்தவர்கள், ஒப்பந்தமில்லாமல் விலக நேர்ந்தால் தேவைப்படும் என்று, கப்பலே இல்லாத நிறுவனத்துக்கு 1 கோடியே 38 லட்சம் பவுண் பெறுமதியான படகுச் சேவை ஒப்பந்தம் கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தங்களை வழங்கிய முறைக்காக பிரான்ஸுக்கான கடலடிச் சுரங்கப்பாதையை நடத்தும் யூரோடனல் நிறுவனம் வழக்குப் போட, சென்ற மாதம் 3 கோடியே 30 லட்சம் பவுண் கொடுத்துச் சமரசம் செய்தார்கள். அதுவும் நம் வரிப்பணம்.

ஃபாயில்கரை (டெர்ரி, வட அயர்லாந்து)

லண்டனிலிருந்து பேசும்போது இருவருமே அயர்லாந்து எல்லையைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு வேலை டெர்ரியில்; வீடு அயர்லாந்துக் குடியரசில் உள்ள மஃப் கிராமத்தில். தினமும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிறேன். அது தெரிவது வேக வரம்புப் பலகையில் மட்டும்தான்: ஒரு பக்கம் மைல், மறுபக்கம் கிலோமீட்டர். வட அயர்லாந்து மோதலை முடித்துவைத்த 1998 சமாதான ஒப்பந்தத்துக்கு முந்தைய நாட்களில், இதே சாலைகளில் ராணுவச் சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்றதை என்னோடு பணிபுரியும் மூத்த செவிலியர்கள் இன்னும் சொல்கிறார்கள். இந்த எல்லையை 200க்கும் மேற்பட்ட சாலைகள் கடக்கின்றன.

ஆகவேதான் 'பேக்ஸ்டாப்' ஏற்பாடு, அதாவது வேறு வழி கிடைக்கும்வரை எல்லையில் சோதனை வராமலிருக்க ஐக்கிய ராஜ்ஜியம் முழுவதும் ஐரோப்பாவோடு ஒரே சுங்கப் பகுதியில் இருக்கும் என்ற உறுதி, விலகல் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. இங்கே வட அயர்லாந்தில் 55.8 சதவீதத்தினர் ஒன்றியத்தில் நீடிக்கவே வாக்களித்தார்கள். ஆனால் பிரதமர் மே தன் பெரும்பான்மையை 2017 தேர்தலில் தாமாகவே தொலைத்துவிட்டு, விலகலை ஆதரிக்கும் வட அயர்லாந்துக் கட்சியான ஜனநாயக ஒன்றியக் கட்சியின் பத்து உறுப்பினர்களின் தயவில் ஆட்சி நடத்துகிறார். அந்தப் பத்துப் பேரின் குரல்தான் வட அயர்லாந்தின் குரல் என்று லண்டன் எடுத்துக்கொண்டது எங்களுக்குப் பெரிய அநீதி.

நெல்லைக்காரன்

அந்த 2012 விதி உள்நாட்டுச் சட்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை நான் சரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. ஆனாலும் முடிவு மாறாது. மூன்று ஆண்டுகளாக இழுத்தடிப்பதால் கடை வைத்திருப்பவர் முதல் கார் தொழிற்சாலை வரை எவராலும் திட்டமிட முடியவில்லை. விலகலை ரத்து செய்யச் சொல்லும் இணைய மனுவில் 60 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள் என்பது வாக்குச்சீட்டுக்கு ஈடாகாது. விலகலுக்கான புதிய கெடுவான ஏப்ரல் 12 அன்று ஒப்பந்தம் இல்லாமலாவது வெளியேறுவோம். எல்லையின் கட்டுப்பாடு நம் கைக்கு வரட்டும். மற்றதை அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஃபாயில்கரை

ஒப்பந்தம் இல்லாமல் வெளியேறினால் அயர்லாந்து எல்லையில் சரக்குகளுக்குப் புதிய சோதனை எதுவும் செய்யமாட்டோம் என்று மார்ச் 13 அன்று அரசே அறிவித்துவிட்டது. கட்டுப்பாட்டைக் கைப்பற்றுவோம் என்று வாக்குக் கேட்டவர்கள், ஐரோப்பாவோடு தரைவழியாக ஒட்டியிருக்கும் ஒரே எல்லையைத் திறந்தபடியே விட்டுவிடப்போகிறார்கள். ஆனால் மறுபக்கம் இருப்பது ஐரோப்பியச் சந்தை. டப்ளின் எத்தனை நாள் கண்டும் காணாமலும் இருக்க முடியும்? ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை. அன்று எனக்கு இரவுப் பணி. சனிக்கிழமை காலையில் மஃப் சாலையில் என் காரை யாராவது நிறுத்துவார்களா என்று மருத்துவமனையில் கேட்டுப் பார்த்தேன். பதில் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.