நார்டிக் ஸ்பாவில் முதல் தடவை: எது முதலில், எவ்வளவு நேரம்?

மழைக்குருவி:
அடுத்த வாரம் இரண்டு பேர் திறந்தவெளி நார்டிக் ஸ்பா போகிறோம். நாலு மணி நேர டிக்கெட், வெளியே பனி இருக்கும். சானா (அடுப்பில் சூடேறிய கற்களால் அனலேறும் உலர்ந்த மர அறை), நீராவி அறை, 39 டிகிரி வெந்நீர்த் தொட்டி, 10 டிகிரி குளிர்நீர்த் தொட்டி எல்லாம் உண்டு. எந்த வரிசையில் போவது? குளிர்நீரை விட்டுவிட்டால் போன பலன் இருக்குமா? கூட வருபவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்.

உலர்விறகு:
சூடு 10–15 நிமிடம், குளிர் 10–30 விநாடி, ஓய்வு 15–20 நிமிடம். இதுதான் ஒரு சுற்று. நாலு மணி நேரத்துக்கு மூன்று சுற்று தாராளம். நேரம் போதவில்லை என்று எல்லாரும் கைவைப்பது ஓய்வில்தான், கோளாறு தொடங்குவதும் அங்கேதான். சூட்டில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து நாடி ஏறுகிறது. குளிர் அவற்றைச் சட்டென்று சுருக்குகிறது. நாடி இறங்கும் முன்பே மறுபடி சூட்டுக்குள் போனால் இரண்டாவது மூன்றாவது சுற்றில் தலை கிறுகிறுக்கும், குமட்டும்.

சானாவுக்கு முன் குளித்துவிட்டு உடம்பைத் துடையுங்கள். ஈரத்தோடு போனால் வியர்க்கத் தாமதமாகும். துண்டை விரித்து அதன்மேல் உட்காருங்கள். முதல் சுற்று கீழ்ப்பலகையில். அனல் மேலே தேங்குவதால் 85 டிகிரி அறையிலும் கீழே நன்றாகவே குறைவாக இருக்கும். படுத்திருந்தால், கிளம்புமுன் இரண்டு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டு எழுங்கள்.

சானா அடுப்பின் கல்மேல் தண்ணீர் விடுவதானால் ஒரு கரண்டி விட்டு, ஆவி (ஃபின்லாந்தில் இதற்கு லோய்லு என்று பெயர்) பரவும்வரை பொறுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை. யூகலிப்டஸ் எண்ணெயை நேராகக் கல்லில் ஊற்றவே கூடாது, தீப்பிடிக்கும். வாளித் தண்ணீரில் சில சொட்டு கலந்தால் போதும்.

ஈரத்துண்டு:
மேலே சொன்ன 15 நிமிடம் சானாவுக்குச் சரி. நீராவி அறைக்கு ஒத்துவராது, அங்கே 10க்கு மேல் வேண்டாம். 45 டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாது. போதாததற்கு ஆவி உங்கள் தோலிலேயே நீராகப் படிந்து சூட்டை இறக்கும்.

குளிர்நீரில் குதிக்காதீர்கள். 10 டிகிரி நீர் பட்டதும் மூச்சு தானாக உள்ளே இழுக்கும். அப்போது தலை நீருக்குள் இருந்தால் நீரையும் சேர்த்து இழுத்துவிடுவோம். கைப்பிடியைப் பிடித்து, படிப்படியாக, மூச்சை வெளியே விட்டபடி மார்பு வரை இறங்குங்கள். மூச்சு சீராகவில்லை என்றாலோ விரல் மரத்தாலோ ஏறிவிடுங்கள். தாக்குப்பிடிப்பதற்கு யாரும் பரிசு தரப்போவதில்லை.

குளிர்நீரை விட்டால் ஒன்றும் குறைந்துபோகாது. பாதத்திலிருந்து மேலே ஏற்றி ஒரு குளிர் ஷவர், அல்லது வெளிக்காற்றில் இரண்டு நிமிடம் நின்றாலும் உடம்பு ஆறிவிடும்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் முதலில் டாக்டரைக் கேட்கட்டும். சில மாத்திரைகளும் ரத்தக்குழாயை விரிப்பவை. சூடும் சேர்ந்தால் எழும்போது பிரஷர் விழுந்து மயக்கம் வரும். மாறாக, குளிர்நீரில் இறங்கியதும் அது குபீரென்று ஏறும். டாக்டர் சரி என்றாலும் குளிர்த்தொட்டி அவருக்கு வேண்டாம். வெந்நீர்த் தொட்டியிலிருந்து எழும்போது அரை நிமிடம் படியில் உட்கார்ந்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது. மது, போகும் முன்னும் வேண்டாம், நடுவிலும் வேண்டாம்.

கம்பளித்தொப்பி:
நீச்சலுடை, இரண்டு துண்டு, அங்கி, வழுக்காத ரப்பர் செருப்பு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மோதிரம், சங்கிலி, காண்டாக்ட் லென்ஸ் மூன்றையும் கழற்றிவிடுங்கள்; சானாவில் உலோகம் தோலைச் சுடும். கம்பளித் தொப்பி ரொம்ப உதவும்: வெளியே ஈரத்தலை உறையாது, உள்ளே அனல் உச்சியில் ஏறாது. சாப்பாடு லேசாக, ஒன்றரை மணி நேரம் முன்னால்.

“நச்சு வெளியேறும்” என்று போர்டில் எழுதியிருந்தால் நம்பவேண்டாம். வியர்வை பெரும்பாலும் நீரும் உப்பும்தான், நச்சு கல்லீரல்–சிறுநீரகத்தின் வேலை. 2015இல் வெளியான கிழக்கு ஃபின்லாந்து ஆய்வில் 2,315 நடுவயது ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள்; வாரம் 4–7 முறை சானா போனவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் ஆரோக்கியமானவர்கள்தான் அடிக்கடி போகிறார்களோ என்ற சந்தேகத்தை இத்தகைய ஆய்வு முழுதாகத் தீர்க்காது. குளிர்த்தொட்டியைப் பற்றி அது பேசவும் இல்லை.

மழைக்குருவி:
எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: சூட்டில் முடிப்பதா, குளிரில் முடிப்பதா?

உலர்விறகு:
சுறுசுறுப்பு வேண்டுமானால் குளிர், தூக்கம் வேண்டுமானால் வெந்நீர். எதில் முடித்தாலும் உடனே உடுத்தாதீர்கள். சூட்டிலிருந்து வந்தபிறகும் கொஞ்ச நேரம் வியர்க்கும். அங்கியோடு 15 நிமிடம் உட்கார்ந்துவிட்டு மாற்றினால் உள்சட்டை நனையாது, வெளியே போனதும் நடுங்கவேண்டியிருக்காது. கார் ஓட்டுபவர் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக உட்காரட்டும்.