மாநிறப் பிள்ளைக்கும் சன்ஸ்கிரீன் தேவையா?

கேள்வி: கார்த்திகா, பிரிஸ்பேன்

போன வருடம்தான் மதுரையிலிருந்து வந்தோம். மகளுக்கு ஆறு வயது. பள்ளியில் அகல விளிம்புத் தொப்பி இல்லாவிட்டால் விளையாட விடுவதில்லை, நிழலில் உட்கார வைத்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை அதற்காக அழுதுகொண்டே வந்தாள். தினமும் சன்ஸ்கிரீன் தடவி அனுப்ப வேண்டுமாம். தடவினால் முகம் விபூதி பூசியது போல வெளுத்துவிடுகிறது; கண்ணாடியைப் பார்த்ததும் துடைத்துவிடுகிறாள். மாமியாரோ, "சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வடாம் பிழிந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு என்ன வந்துவிட்டது?" என்கிறார். இங்கே இருபதுகளில் இருப்பவர்களுக்கே மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வருகிறது என்று படித்ததிலிருந்து எனக்குத்தான் தூக்கமில்லை. நம் நிறத்துக்கும் இந்தப் பயம் பொருந்துமா?

பதில்: செல்வி, மெல்பர்ன்

உங்கள் மாமியார் சொல்வதில் பெரும்பகுதி சரி. தோல் நோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கும் நானே இதைச் சொல்கிறேன்.

மதுரை வெயில் பிரிஸ்பேன் வெயிலுக்கு இளைத்ததில்லை. தோல்தான் வேறு. இங்கே குடியேறிய வெள்ளைக்காரர்களின் தோல் மங்கல் வெயிலுக்குப் பழகியது. அவர்களில் சிறு வயதிலேயே இங்கு வந்தவர்களுக்கு, இங்கேயே பிறந்தவர்களைப் போல மெலனோமா வருகிறது. பதினைந்து வயதுக்குப் பிறகு வந்தவர்களுக்கு அதைவிட மிகக் குறைவு. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1980களில் செய்த ஆய்வில் தெரியவந்தது இது. பிள்ளைப் பருவத்து வெயில் இருபது, முப்பது வருடம் கழித்துக் கணக்குத் தீர்க்கிறது. பள்ளிகள் தொப்பியில் இவ்வளவு கறாராக இருப்பது அதனால்தான்.

பலனும் உண்டு. சட்டை போடு, களிம்பு தடவு, தொப்பி வை என்று ஒரு கடற்காகம் ஆடிப்பாடும் விளம்பரம் 1981இல் வந்தது. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறையில், நாற்பது வயதுக்குக் கீழே மெலனோமா குறைந்துவருகிறது. உங்கள் ஊருக்கு வடக்கே நம்பூரில் 1992 முதல் 1996 வரை ஒரு பிரிவினரைத் தினமும் சன்ஸ்கிரீன் தடவ வைத்தார்கள். பிற்காலத்தில் மற்றப் பிரிவினரோடு ஒப்பிட்டால் அவர்களிடம் மெலனோமா ஏறக்குறையப் பாதிதான். அவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2024இல் இங்கு வெளியான வழிகாட்டுதல் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. நல்ல கறுப்பு நிறத்தாருக்கு அன்றாடம் களிம்பு அவசியமில்லை, நெடுநேரம் வெளியில் இருந்தால் மட்டும் போதும். அவர்களுக்கு வைட்டமின் டி குறைவதுதான் பெரிய கவலை. மாநிறத்தார் நடுவில் வருகிறார்கள். மகளின் நிறத்தைப் பார்த்து மருத்துவர் சொல்வதைப் பள்ளியில் காட்டுங்கள்.

நம் நிறத்தாருக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் வெயில் படாத இடங்களில்தான்; நம்மவர்கள் பார்க்க வேண்டியது அவற்றை. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. எங்களிடம் வந்த தமிழர் ஒருவர் குதிகாலில் இருந்த கரும்புள்ளியைச் செருப்புச் சாயம் என்று நினைத்து, கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஓரம் ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் கறுப்பு. நம் நிறத்தாருக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடு இருப்பது சாதாரணம். ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கோட்டைத்தான் காட்ட வேண்டும். சிறுமிக்கு இதெல்லாம் வருவது மிக மிக அரிது. பெரியவர்கள் உங்கள் கால்களைப் பாருங்கள்.

பதில்: வதனி, சிட்னி

தங்கச்சி, வெளுப்பது துத்தநாகம் கலந்த களிம்பு. ஜெல் வகையில் நிறமில்லாதது கிடைக்கிறது, வாங்கிப் பாருங்கள். கடற்கரைக்கு முழுக்கை நீச்சல் சட்டை போட்டுவிட்டால் பாதி உடம்புக்குத் தடவும் வேலையே இல்லை. தொப்பி இரண்டாக வாங்கி ஒன்றைப் பள்ளிப் பையிலேயே போட்டுவிடுங்கள்.

பதில்: கார்த்திகா

நன்றி அக்கா. மாமியாருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். "அன்றாடம் களிம்பு அவசியமில்லை" என்ற இடத்தை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார். தொப்பியையும் விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

பதில்: செல்வி

கூடாது. புற ஊதாக் கதிர் கண்ணையும் கெடுக்கும், அதற்கு நிறம் பார்க்கத் தெரியாது. அந்தக் கதிரின் அளவைச் சொல்லும் யுவி குறியீடு (UV index) 3ஐத் தொட்டால் தொப்பி வேண்டும் என்பது இங்குள்ள விதி. மெல்பர்னில் குளிர்காலத்தில் அது 3க்குக் கீழே இறங்கிவிடும், தொப்பியை எடுத்து வைத்துவிடுவோம். பிரிஸ்பேனில் வருடம் முழுக்க வேண்டியதுதான். மாமியாருக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.