கரு வைக்கும் நேரத்தில் சீன மூலிகை மருந்து

சிங்கப்பூரில் ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) செய்துகொண்டிருக்கிறேன். வயது 36, ஏஎம்எச் (கருமுட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) குறைவு. உறைய வைத்த கருவை அடுத்த மாதவிடாய்ச் சுழற்சியில் உள்ளே வைக்கப்போகிறார்கள்.

பதிவுபெற்ற சீன மருத்துவர் கொடுத்த பொடியை இரண்டு வேளையும் வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறேன். அதில் டாங்குயி, ஷுடிஹுவாங், டூசிசி என்ற மூலிகைகள் எல்லாம் இருக்கிறது. மண்வாடையும் கசப்பும் பழகிவிட்டது. ஆனால் வயிறு அடிக்கடி இளகிப்போகிறது.

இப்போது ஆஸ்பிரின் தொடங்கியாயிற்று. டாங்குயியோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம் என்று மருந்தகத்தில் எச்சரித்தார்கள். பொருள் பட்டியலை இருவரிடமும் காட்டினேன். ஐவிஎஃப் டாக்டர் மூலிகையே வேண்டாம், ஆதாரம் போதாது என்கிறார். சீன மருத்துவரோ டாங்குயியை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்கிறார். நடுவில் நான்!

ஐவிஎஃப் சிகிச்சையோடு சீன மருந்தும் சேர்த்து எடுத்தவர்கள் சொல்லுங்கள்: கரு வைப்பதற்கு எவ்வளவு நாள் முன்னால் சீன மருந்தை நிறுத்தச் சொன்னார்கள்?